புதுப்புனைவும் கைப்பழக்கமும்



மில்லர்புரத்தில் வாழும் எனக்குத் தூத்துக்குடியின் ஆலைகள் பழகிய காட்சி. ஆலைகளின் குளிர்நீர்க் குழாய்களில் நுண்ணுயிர்கள் வழுவழுப்பான படலமாகப் படிந்து நீரோட்டத்தைத் தடுப்பதுண்டு. கிருமிக்கொல்லி மருந்தும் அப்படலத்தினுள் எளிதில் புகாது. ஆகவே, படலத்தின் பிணைப்பை அறுக்கும் என்சைம் என்னும் நொதியை மருந்தோடு சேர்க்கின்றனர். இவ்விரண்டின் இயல்பும் முன்னரே தெரிந்திருக்க, இரண்டையும் சேர்த்தவருக்குக் காப்புரிமை தரலாமா? அது புதுப்புனைவா, அன்றித் தொழில் அறிந்த எவருக்கும் தோன்றக்கூடியதா?

இத்தகைய வினாவுக்கு நம் உச்ச நீதிமன்றம் விடை கண்டது ஒரு பாத்திர வழக்கிலேயாகும்.

மீர்சாப்பூரில் உலோகப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி மெருகிடுவர். பழைய முறையில், பாத்திரம் சுழலும்போதே பிடி விட்டுப் பறந்து தொழிலாளியைத் தாக்கக்கூடும். அதனை எதிர்ப்புறமிருந்து அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்கு 1951ஆம் ஆண்டில் 'இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ்' காப்புரிமை கோரிப் பெற்றது. அதே ஊரின் 'பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம்' நிறுவனமும் அம்முறையைக் கையாண்டது, வழக்கு எழுந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை நீக்கினார். மேல்முறையீட்டு அமர்வு அதனை மீட்டளித்தது.

இறுதியில் 1978 டிசம்பர் 13 அன்று, நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் அக்காப்புரிமையை நீக்கியது. எதிர்முனையால் தாங்கிப் பிடித்தல் கடைசல் தொழிலில் நெடுங்காலமாக அறியப்பட்டதே. தெரிந்ததைச் சற்றே திருத்தியமைப்பது பட்டறைத் திறமேயன்றிப் புதுப்புனைவு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விடை தெரிந்த பின்னர் எதுவும் எளிதாகவே தோன்றும். ஆதலால், விண்ணப்பித்த நாளில், பொது அறிவு மட்டுமே உடைய தேர்ந்த தொழிலறிஞனுக்கு அவ்வழி தானே புலப்பட்டிருக்குமா என்றே ஆராய்தல் வேண்டும். நொதியும் மருந்தும் சேர்ந்து எவரும் எதிர்பாராத பெரும் பயனை அளித்தால், விடை மாறவும் கூடும்.

இன்று இந்தியாவில் காப்புரிமையின் காலம் 20 ஆண்டுகள். தகுதியற்றதற்கு அதனை வழங்கினால் எளிய பட்டறைக்காரனின் கை கட்டப்படும். தகுதியுள்ளதற்கு மறுத்தால் ஆராய்ச்சியாளனின் ஊக்கம் குன்றும். சிப்பி எடுத்தவர் எல்லாரும் முத்து எடுத்தவர் ஆகார் என்பதை முத்துக்குளித்துறையினராகிய நாம் அறிவோம். சிப்பியைத் திறந்து பார்த்தே சொல்ல வேண்டும். நீதிமன்றத்தின் பணியும் அதுவே.