கண்டி மலைநாட்டில் துவக்கும் கோடரியும்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைகளில் வேட்டையும் குறிசுடுதலும் மரம் வெட்டுதலும் விறகு பொறுக்குதலும் ஒரே காட்டை ஒட்டி வளர்ந்தவை. துவக்கு ஏந்தவும் கோடரியோடு காட்டுக்குள் நுழையவும் யாருக்கு உரிமை என்பதை அந்தந்தக் காலத்து ஆட்சியும் நிலச்சட்டமும் தீர்மானித்தன. அதனால் சிலருக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக அமைந்த காடு, பலருக்கு அன்றாட அடுப்பெரிக்கும் பாடாக அமைந்தது.

கண்டி இராச்சியத்துக்குக் காடே முதல் அரண். 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் மலைப்பாதைகளை மறித்து நின்ற முட்கதவுகளையும் அவற்றின் காவலையும் விவரித்திருக்கிறார். எதிரிப்படை எளிதில் நுழையாதபடி தலைநகருக்கு வரும் வழிகளில் அடர்ந்த காடு விட்டுவைக்கப்பட்டது. அரண்மனைக்குப் பின்புறம் மேட்டில் இருந்த உடவத்தகெலே அரசருக்கே உரிய தடைக்காடு. குடிமக்கள் அதற்குள் செல்ல முடியாது.

துவக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரோடு இலங்கைக்கு வந்தது. உள்ளூர்க் கொல்லர்கள் விரைவிலேயே அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு தமக்கென ஒரு பாணியை உருவாக்கினர். நீண்ட குழல், இரண்டாகப் பிரிந்து சுருளும் அடிக்கட்டை, தந்தமும் வெள்ளியும் பதித்த வேலைப்பாடு ஆகியவை அவர்களின் துவக்குகளுக்கு அடையாளம். கால்களில் நிறுத்திச் சுடும் கனத்த கொடிதுவக்குகளுக்குத் தனிப் படைப்பிரிவே இருந்தது. அதில் இருந்தவர்கள் நிலம் பெற்று, அதற்கு ஈடாக அரசசேவை செய்தனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கொள்ளையிட்டுச் சென்ற சிறிய அலங்காரப் பீரங்கி அக்காலக் கைத்திறனுக்குச் சான்று. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்த அது 2023இல் இலங்கைக்குத் திரும்பி வந்தது.

1815 மார்ச் 2ஆம் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையோடு கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. காட்டின் மீதான மக்களின் உரிமையைப் பெரிதும் பறித்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். உரிமையை நிறுவ முடியாத காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை என்று அது கொண்டது. கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டியும் மாடு மேய்த்தும் விறகு எடுத்தும் வந்த காடுகள் இவ்வாறு அரசின் சொத்தாகி, கோப்பி பயிரிட வந்தவர்களுக்கு விற்கப்பட்டன.

துவக்கின் மீதும் அரசு கைவைத்தது. ஆளுநர் டொரிங்டன் 1848இல் விதித்த புதிய வரிகளில் துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டணமும், நாய்க்கு ஒரு ஷில்லிங் வரியும் இருந்தன. பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காத்த கமக்காரருக்கு இவ்விரண்டும் விளைச்சலையே தொட்ட வரிகள். அவ்வாண்டு ஜூலையில் கண்டிக் கச்சேரி முன் மக்கள் திரண்டனர். சில வாரங்களில் மாத்தளைப் பக்கம் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே பத்தாண்டில் வெள்ளை அதிகாரிகள் வேட்டையை வீர விளையாட்டாகக் கொண்டாடினர். பதுளையில் பணியாற்றிய மேஜர் ரொஜர்ஸ் 1845இல் இடிவிழுந்து இறப்பதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் பேர்பெற்றவர்.

மலைக்காட்டை அழித்ததில் துவக்கைவிடக் கோடரியின் பங்கு பெரிது. கம்பளைக்கு அருகே 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டம், 1840களில் மலை மலையாகப் பரவியது. தோட்டக் கூலிவேலைக்கு வர விரும்பாத சிங்களக் கிராமத்தவரும் காடு வெட்டும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்தனர். அவர்களின் முறை நுட்பமானது. சரிவின் அடியில் தொடங்கி மேல்நோக்கிப் போவார்கள். ஒவ்வொரு மரத்தையும் முழுக்க வெட்டாமல், விழாமல் நிற்கும் அளவுக்குக் கொத்திவிடுவார்கள். உச்சியை எட்டியதும் அங்குள்ள பெருமரங்களை முற்றாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசை மரங்கள் மீது விழ, அவை அடுத்த வரிசையைச் சாய்க்க, மலைச்சரிவு முழுவதும் பேரிரைச்சலோடு ஒரேயடியாகச் சரியும். சாய்ந்த காடு சில வாரம் காய்ந்ததும் நெருப்பு வைக்கப்படும். ஊர்களுக்குப் பல ஆண்டுகள் விறகாகியிருக்கக்கூடிய மரம் இவ்வாறு சில நாட்களில் சாம்பலானது. எரியாமல் எஞ்சிய அடிமரங்கள் கோப்பிச் செடிகளுக்கிடையே கிடந்து உக்கின.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு விறகு கட்டாயம். கொழுந்தை உலர்த்தும் சூளை விறகால் எரிந்தது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒரு கிலோவுக்கு மேற்பட்ட விறகு செலவாகும். ஆகவே தோட்டங்கள் இயூக்கலிப்டசு போன்ற விரைந்து வளரும் மரங்களைத் தனி விறகுக்காடாக நட்டு வளர்த்தன.

தோட்டத்துரைமாரின் ஓய்வுநேரத்தில் துவக்குக்குத் தனி இடம் இருந்தது. 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தோட்டக்காரர் துவக்குப்படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்டக்காரர்களைக் கொண்ட தொண்டர் படை அது. குறிசுடுதலே அதன் அடிப்படைப் பயிற்சி. மண்மேட்டுக்கு முன்னால் இலக்குப் பலகை நிற்கும். மேட்டடிப் பள்ளத்தில் பாதுகாப்பாக இருப்பவர், ஒவ்வொரு குண்டும் பட்ட இடத்தைக் கோல் நுனியிலுள்ள வட்டால் காட்டுவார். சுடுபவர் நூற்றுக்கணக்கான யார் தொலைவில் படுத்து, மூச்சை அடக்கி விசையை அழுத்துவார். படைப் பயிற்சியும் நண்பர்களின் சந்திப்பும் போட்டியும் ஒருங்கே கலந்தது அது. 1914இல் இப்படையின் 230க்கும் மேற்பட்டோர் எகிப்துக்குக் கப்பலேறினர். அவர்களில் ஒரு பகுதியினர் கலிப்பொலிப் போர்முனையில் தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகப் பணியாற்றினர். சுதந்திரத்தின் பின் 1949இல் படை கலைக்கப்பட்டது.

அதே மலைகளில் லயத்து அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்குத் துவக்கு அதிகாரத்தின் கருவி. 1940 சனவரியில் ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாறு அவரை முதல் தியாகியாகப் போற்றுகிறது.

தோட்டத் தொழிலாளருக்குக் காட்டோடு இருந்த அன்றாட உறவு விறகுதான். தேயிலைச் செடி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டப்படும். வெட்டி விழும் மிலாறுதான் லயத்து அடுப்புக்கு முதன்மை விறகு. நிழல்மரங்களிலிருந்து விழும் கொப்புகளும் அதோடு சேரும். கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்கள் கவ்வாத்து மலைக்குப் போவார்கள். மிலாற்றை நீளம் பார்த்து அடுக்கிக் கயிற்றால் இறுக்கி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கி, செங்குத்தான குறுக்குப்பாதையில் இறங்குவார்கள். மழைக்காலத்துக்கென அடுப்புக்கு மேலே பரணில் காயவைப்பதும் உண்டு. நாள்முழுதும் கொழுந்து பறித்த உடலுக்கு இது கூலியில்லாத இரண்டாவது வேலை. புகைபோக்கியில்லாத சிறிய அறையில் எரியும் அடுப்பின் புகையும் அவர்கள் நெஞ்சுக்கே போனது.

காட்டைக் காக்கும் முயற்சியும் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. உடவத்தகெலே 1856இல் ஒதுக்கக்காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. சுமார் 104 ஹெக்டேர் பரப்புள்ள அக்காட்டில் இன்று நகரத்தவர் நடைப்பயணம் போகிறார்கள். மரம் வெட்டவோ வேட்டையாடவோ முடியாது. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டம் துவக்கு வைத்திருப்பதை அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது. தும்பறை மலைத்தொடரின் நக்கிள்ஸ் காடு 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தலத்தின் ஒரு பகுதியானது. ஆயினும் பன்றிக்கென வைக்கப்படும் கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் கிராமங்களில் ஒழியவில்லை. விறகு பொறுக்கப் போகும் மனிதரும் சிறுத்தைகளும் அவற்றுக்குப் பலியாவது தொடர்கிறது.

எரிவாயு அடுப்பு பரவியபின் நகரில் விறகின் தேவை குறைந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயு கிடைக்காமல் போனபோது, நகரக் குடும்பங்களும் மீண்டும் விறகடுப்பை மூட்டின. தோட்ட லயங்களில் அது அணைந்ததேயில்லை. வனப் பாதுகாப்பைத் திட்டமிடுவோர் இந்த அடுப்புகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். காட்டின் எல்லையில் வாழ்வோருக்கு எரிபொருளும், பயிர்க் காவலுக்கு ஆபத்தில்லாத வழியும் கிடைத்தால்தான் கண்டியின் மலைக்காடும் அதைச் சார்ந்த மக்களும் ஒருசேர நிலைக்க முடியும்.