குமிழியிலிருந்து குதிகால் துளி வரை: பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடும் பெற்றோரின் பங்கும்

பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் சாதனை வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1952இல் நோய் இனங்காணப்பட்டது, 1968இல் எலும்பு மஜ்ஜை மாற்று வெற்றி பெற்றது, 1990இல் மரபணுச் சிகிச்சை தொடங்கியது, பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் பரிசோதிக்கும் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது என்று அந்த வரிசை செல்கிறது. எனினும், நாள் தவறாத கவனிப்பைக் கோரும் இந்நோயில், மருத்துவமனை கண்ட ஒவ்வொரு வழியும் வீட்டுக்குள் ஒரு புதிய கடமையாகவே வந்து சேர்ந்தது என்பதும், அதைத் தாயும் தந்தையும் ஏற்றுச் செய்ததாலேயே சிகிச்சை பலித்தது என்பதும் அதில் இடம்பெறுவதில்லை. கடந்த எழுபது ஆண்டுகளில் அக்கடமை மாறி வந்த விதத்தை நோக்கினால், குழந்தையைப் பிரித்து வைத்துக் காக்கும் நிலையிலிருந்து, காலத்தே அறிந்து செயல்படும் நிலைக்கு இத்துறை நகர்ந்திருப்பது புலப்படும்.

உடலுக்குள் நுழையும் கிருமிகளை எதிர்க்கும் அமைப்பின் ஏதேனும் ஓர் உறுப்பு, மரபணுப் பிழையின் காரணமாகப் பிறவியிலேயே இல்லாமலோ செயலிழந்தோ இருப்பதையே பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு என்கின்றனர். எச்ஐவி போன்ற தொற்றினால் பின்னாளில் வரும் குறைபாட்டிலிருந்து இது வேறானது. நானூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை உடையது. பெனிசிலின் வருவதற்கு முன் இக்குழந்தைகள் முதல் நிமோனியாவிலோ இரண்டாவதிலோ இறந்துபோயினர். குழந்தை இறப்பு மிகுந்திருந்த அக்காலத்தில் அவ்விறப்புகள் தனி நோயின் அடையாளமாகக் கருதப்படவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவிய பின்னரே, பிழைத்து எழுந்து, அதே தொற்றோடு மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் மருத்துவர்களின் கண்ணில் பட்டனர்.

வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் ஆக்டன் புரூட்டன் கவனித்த எட்டு வயதுச் சிறுவன் அத்தகையவன். நான்கு ஆண்டுகளில் பத்தொன்பது முறை அவனுடைய இரத்தத்தில் கிருமி கலந்து கடும் நோய் கண்டிருந்தது. இரத்தச் சீரத்தில் உள்ள புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டுத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் முறை அம்மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்தது. அம்முறையில் சோதித்தபோது, நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் பட்டை அச்சிறுவனிடம் காணப்படவே இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டில் எட்வின் கோன், மனித இரத்தப் பிளாஸ்மாவைக் குளிர்ந்த ஆல்கஹாலின் உதவியால் கூறுகளாகப் பிரிக்கும் முறையை உருவாக்கியிருந்ததால், குறைந்ததை வெளியிலிருந்து ஈடுசெய்வதும் அப்போது கைகூடியது. மாதந்தோறும் தோலுக்கடியில் காமா குளோபுலினைச் செலுத்தியதும் தொற்றுகள் நின்றன. இச்செய்தியைப் புரூட்டன் 1952இல் வெளியிட்டார்.

காமா குளோபுலின் குறைபாட்டை நீக்கும் மருந்து அன்று. குறைந்ததை வாழ்நாள் முழுவதும் இட்டு நிரப்பும் மருந்தே கிடைத்தது. அடுத்த கால் நூற்றாண்டில் அது பெரும்பாலும் தசையில் போடும் ஊசியாகவே வழங்கப்பட்டது. தசை தாங்கும் அளவு சிறிதாகையால் அடிக்கடி போட வேண்டியிருந்தது. பலருக்கு வாரம் ஒரு முறை என்றானது. ஊசி மிகுந்த வலியையும் தந்தது. வலிக்கும் என்று அறிந்த குழந்தையைக் குறித்த நாளில் அழைத்துவந்து, அசையாமல் பிடித்துக்கொள்வதே அக்காலப் பெற்றோரின் பங்காக இருந்தது.

இதனோடு மரபுவழி பற்றிய அறிவும் குடும்பங்களுக்குள் வந்தது. புரூட்டன் விவரித்த வகை, எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுப் பிழையால் வருவது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பதால், ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது ஈடுகொடுக்கும்; ஒன்றே உடைய ஆணுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே நோயின்றி இருக்கும் தாய் வழியாக மகனுக்கு நோய் வருகிறது. அத்தகைய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பொறுப்பான மரபணு 1993இல்தான் கண்டறியப்பட்டது. வளர்ப்புமுறையிலோ உணவிலோ பிழை இல்லை என்று அறிவியல் சொன்ன அதே மூச்சில், பிழை தாய்வழி வந்தது என்றும் சொன்னதால், ஒரு பழியிலிருந்து விடுபட்ட தாய் மற்றொரு மனச்சுமைக்கு ஆளானாள்.

காமா குளோபுலினால் காக்க முடியாத கடுமையான வகையும் இருந்தது. வெள்ளணுக்களில் ஒருவகையான டி செல்கள் இல்லாமல், அதனால் எதிர்ப்பொருள்களால் இயங்குவதும் செல்களால் இயங்குவதுமான எதிர்ப்பாற்றலின் இரு பிரிவுகளும் முடங்கிப்போன குழந்தைகளைச் சுவிட்சர்லாந்தில் கிளான்ஸ்மனும் ரினிக்கரும் 1950இல் விவரித்தனர். கடும் கூட்டு எதிர்ப்புக் குறைபாடு என்று இன்று அழைக்கப்படும் இந்நோயில், சிகிச்சை கிடைக்காத குழந்தை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துவிடும். 1968இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, ஐந்து மாத ஆண் குழந்தைக்கு அவனுடைய சகோதரியின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்திக் காப்பாற்றியது. ஆனால் உடன்பிறந்தவரின் திசு வகை முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. பொருந்தாத குடும்பங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. காத்திருக்கும் காலத்தில் குழந்தையைக் கிருமியிடமிருந்து பிரித்து வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பின் எல்லையைக் காட்டியது ஹூஸ்டனில் சிகிச்சை பெற்ற டேவிட் வெட்டரின் குடும்பம். முதல் மகனை ஏழு மாதத்தில் இந்நோய்க்குப் பறிகொடுத்திருந்த பெற்றோருக்கு 1971 செப்டம்பர் 21 அன்று டேவிட் பிறந்தான். அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்த சில நொடிகளிலேயே, கிருமியற்ற ஆய்வக விலங்குகளை வளர்ப்பதற்காக உருவான முறையை ஒட்டி அமைந்த பிளாஸ்டிக் அறைக்குள் வைக்கப்பட்டான். மூத்த சகோதரியின் மஜ்ஜை பொருந்தும் என்ற நம்பிக்கை சோதனையில் பொய்த்தது. விரைவில் ஒரு வழி பிறக்கும் என்று எண்ணித் தொடங்கிய ஏற்பாடு பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

குமிழி என்று செய்தித்தாள்கள் பெயரிட்ட அந்த அறை, பெற்றோரின் நாளை எப்படி மாற்றியது என்பது சிறு செயல்களில்தான் தெரியும். உள்ளே போகும் உடை, உணவு, நீர், பொம்மை, புத்தகம் ஆகிய ஒவ்வொன்றும் எத்திலீன் ஆக்சைடு வாயு நிரம்பிய கலத்தில் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நான்கு மணி நேரம் வைக்கப்பட்டது. பின்னர் வாயுவின் நச்சு நீங்கும் பொருட்டு ஒரு நாள் முதல் ஏழு நாள் வரை காற்றாட விடப்பட்டது. ஆதலால் குழந்தை இன்று கேட்கும் பொருளைக் கொடுக்க ஒரு வாரம் ஆகலாம். வரும் வாரம் அவன் எதை விரும்புவான் என்பதை இன்றே தாய் ஊகிக்க வேண்டும். சுவரோடு இணைந்த தடித்த ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டே அவனைத் தூக்கவும் உடை மாற்றவும் முடிந்தது. அறையை ஊதி நிறுத்தும் காற்றழுத்திகளின் இரைச்சல் பேச்சையும் தடுத்தது. பின்னர் கான்ரோவில் உள்ள அவர்கள் வீட்டிலும் இத்தகைய அறை அமைந்தது. சிகிச்சைக்கு ஹூஸ்டன், வளர்ப்புக்கு வீடு என்று குடும்பம் இரண்டு இடங்களுக்கிடையே வாழ்ந்தது.

1977இல் நாசா அமைத்துக் கொடுத்த காப்புடையை அணிந்து அவன் வெளியே வந்தபோதுதான், ஆறு வயதை நெருங்கிய மகனைத் தாய் முதன்முறையாக மடியில் ஏந்தினாள். அப்போதும் இருவருக்கும் இடையில் அந்த உடை இருந்தது. அதைச் சில முறையே பயன்படுத்தினான். பின்னர் உடல் வளர்ந்து உடை பற்றாமல் போயிற்று. முழுமையாகப் பொருந்தாத மஜ்ஜையையும் பதப்படுத்திச் செலுத்தும் புதிய முறை வந்ததும், 1983 அக்டோபரில் சகோதரியின் மஜ்ஜை அவனுக்குச் செலுத்தப்பட்டது. அதில் சோதனையில் அகப்படாத எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தது. அது புற்றுநோயை உண்டாக்கியது. 1984 பிப்ரவரி 7 அன்று வெளியே எடுக்கப்பட்ட டேவிட், பிப்ரவரி 22 அன்று இறந்தான். அவ்வைரஸ் மனிதரிடம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு அம்மரணம் முக்கியமான சான்றாயிற்று.

வழி தெரியாமலே ஒரு குழந்தையைக் குமிழிக்குள் வைத்தது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது; இன்றும் மருத்துவ அறவியல் வகுப்புகளில் அது விவாதிக்கப்படுகிறது. எனினும் அந்தப் பெற்றோரின் நிலையில் நின்று பார்த்தால், அவர்கள் முன் இருந்தவை இரண்டே: ஒரு மகனை இழந்தது போல் இவனையும் இழப்பது, அல்லது காப்பாற்றிக் காத்திருப்பது. பிரித்து வைத்தல் சிகிச்சை அன்று, சிகிச்சைக்கான தவணை மட்டுமே என்பதும், அத்தவணைக்கான விலையைக் குழந்தையின் பிள்ளைப்பருவமே செலுத்துகிறது என்பதும் மருத்துவ உலகுக்கு இந்த ஒரு வாழ்க்கையால் தெளிவாயின.

காத்திருப்பைக் குறைக்கும் வழி விரைவில் திறந்தது. நோயாளியின் உடலைத் தாக்கக்கூடிய டி செல்களை மஜ்ஜையிலிருந்து நீக்கிவிட்டால், பாதி மட்டுமே பொருந்தும் தாய் அல்லது தந்தையின் மஜ்ஜையையும் பயன்படுத்தலாம் என்பது உறுதிப்பட்டது. டியூக் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா பக்லி இம்முறையில் பல குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1999இல் வெளியான அவருடைய ஆய்வில் 89 குழந்தைகளில் 72 பேர் பிழைத்திருந்தனர். அதைவிட முக்கியமாக, வாழ்வின் முதல் மூன்றரை மாதங்களுக்குள் மாற்று பெற்ற குழந்தைகளே மிக அதிக அளவில் பிழைத்தனர். சுவர் எவ்வளவு தடித்தது என்பதன்று, நோய் எவ்வளவு சீக்கிரம் அறியப்பட்டது என்பதே உயிரைத் தீர்மானித்தது.

இதே காலத்தில் எதிர்ப்பொருள் குறைபாடு உள்ள குழந்தைகளின் சிகிச்சை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு நகர்ந்தது. சிரை வழியே செலுத்தத்தக்க இம்யூனோகுளோபுலினுக்கு (முன்னர் காமா குளோபுலின் எனப்பட்ட மருந்து) அமெரிக்காவில் 1981இல் உரிமம் கிடைத்ததும் வாராந்தர ஊசியின் வலி நீங்கியது. ஆனால் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பள்ளியையும் வேலையையும் விட்டு மருத்துவமனையில் அமர வேண்டியிருந்தது. சுவீடனில் செவிலியரும் ஆய்வாளருமான ஆன் கார்டுல்ஃபும் அவருடைய குழுவினரும், சிறு பம்பின் உதவியால் தோலுக்கடியில் மருந்தை விரைவாகச் செலுத்தும் முறையை நோயாளிகளே வீட்டில் செய்துகொள்ளலாம் என்று 1991இல் காட்டினர். புரூட்டன் தொடங்கிய வழி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தின் கைக்கே வந்தது. அமெரிக்காவில் தோலடி மருந்துக்கு உரிமம் கிடைக்க 2006 ஆயிற்று.

இம்முறை பெற்றோரைச் செவிலியராக்கியது. குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவருவது, கலங்கல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது, மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றுவது, வயிற்றிலோ தொடையிலோ ஊசியைச் செருகுவது, இரத்தம் திரும்பி வரவில்லை என்று உறுதிசெய்த பின்னரே பம்பை ஓடவிடுவது ஆகிய அனைத்தையும் அவர்கள் கற்றுத் தேற வேண்டியிருந்தது. குப்பியின் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் அவற்றுள் ஒன்று. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து செய்யப்படும் மருந்து இது. 1994இல் ஒரு தயாரிப்பின் வழியே ஹெபடைட்டிஸ் சி பரவிய பின், எந்தக் குப்பி எந்தக் குழந்தைக்குச் சென்றது என்று அறிவதன் தேவை எல்லோருக்கும் உறைத்தது.

பெற்றோரின் பங்கு வீட்டோடு நிற்கவுமில்லை. அமெரிக்காவின் இம்யூன் டெஃபிஷியன்சி பவுண்டேஷன் 1980இல் நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களால் தொடங்கப்பட்டது. பதினைந்து வயதில் மகனை இழந்த விக்கி மோடலும் ஃபிரெட் மோடலும் 1987இல் அவனுடைய பெயரில் ஜெஃப்ரி மோடல் பவுண்டேஷனை நிறுவினர். ஓராண்டில் இரண்டு முறை நிமோனியா, இரண்டு மாதத்துக்கு மேல் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் குணமாகாமை, எடை கூடாமை, குடும்பத்தில் இந்நோய் வரலாறு என்று அந்த நிறுவனம் பரப்பிய பத்து எச்சரிக்கை அடையாளங்கள், பல நாட்டு மருத்துவமனைச் சுவர்களில் இன்றும் காணப்படுகின்றன.

சீக்கிரம் அறிதல் என்னும் தேவைக்கு விடையாக வந்தது குதிகால் துளி. தைமஸ் சுரப்பியில் டி செல்கள் முதிரும்போது வெட்டுண்டு வெளியேறும் சிறு டிஎன்ஏ வளையங்கள், பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்துத் தாளில் உலர்த்திய இரத்தத்தில் எத்தனை உள்ளன என்று எண்ணலாம். அவை இல்லையெனில் டி செல்களும் இல்லை. ஜெனிஃபர் பக்கின் குழு 2005இல் முன்வைத்த இச்சோதனையை 2008 ஜனவரியில் விஸ்கான்சின் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் நடைமுறைப்படுத்தியது. 2018 இறுதிக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் அதைப் பின்பற்றின. முப்பது இலட்சம் குழந்தைகளின் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு, 58,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை வீதம் கடும் கூட்டுக் குறைபாட்டைக் கண்டது. சோதனையும் புதிய சுமையைத் தராமல் இல்லை. நலமாகத் தோன்றும் குழந்தைக்கு உயிராபத்து என்ற செய்தி பிரசவ வீட்டுக்கே வருகிறது. தாய்ப்பால் வழியே வைரஸ் பரவுமா என்று தெரியும் வரை பால் கொடுப்பதையும் நிறுத்த நேரிடலாம். சிகிச்சை முடியும் வரை உறவினரை வாசலோடு அனுப்ப வேண்டும். ஆனால் அச்சுமைக்கு இப்போது மாதங்களில் முடிவு உண்டு.

இந்தியாவில் இத்தகைய சோதனை நாடு முழுவதும் நடைமுறையில் இல்லை. 2021ஆம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, கடும் கூட்டு எதிர்ப்புக் குறைபாட்டை ஒரு முறைச் சிகிச்சையால் குணப்படுத்தத்தக்க நோய்களின் பிரிவில் சேர்த்துள்ளது. எனினும் அறியப்படாத நோய்க்குச் சிகிச்சை இல்லை. இங்கே பிறந்தவுடன் பிசிஜி தடுப்பூசியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுக்கப்படுகின்றன. இரண்டிலும் இருப்பது உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமி. மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் காப்பாக அமையும் பிசிஜி, டி செல் இல்லாத குழந்தையின் உடல் முழுவதும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். பரிசோதனைத் திட்டம் வந்து சேரும் வரை இந்நாட்டில் முதல் சோதனையாக இருக்கத்தக்கது குடும்பத்தின் நினைவே ஆகும். ஆகவே, தாய்வழியிலோ தந்தைவழியிலோ கைக்குழந்தைகள் தொற்றினால் இறந்த வரலாறு உள்ள குடும்பத்தார், அதைப் பழைய துயரம் என்று மறைத்துவிடாமல், பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கூற வேண்டும். மருத்துவரும் தடுப்பூசி போடுவதற்கு முன் அதைக் கேட்டறிய வேண்டும்.