குடகின் துப்பாக்கியும் கப்பன் ஆணையும்

பெங்களூரில் வாழும் தமிழர்களுள் கப்பன் பூங்காவை அறியாதார் இலர். அங்கே செந்நிறத்துடன் விளங்கும் அட்டாரக் கச்சேரி 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்று அது கர்நாடக உயர் நீதிமன்றம். பூங்காவுக்குப் பெயர் தந்த மார்க் கப்பன் வழங்கிய ஓர் உரிமையை, 160 ஆண்டுகளுக்குப் பின் அந்நீதிமன்றமே சீர்தூக்க நேர்ந்தது. லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருக்கக் குடகு மக்களுக்குள்ள உரிமையே அது.

கப்பன் காலத்துத் துப்பாக்கி இன்றையது போன்றதன்று. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்த பின்னரே சுட இயலும். ஒரு முறை கெட்டித்தால் ஒரே வெடி. பின்புறமாகத் தோட்டா இடும் மார்ட்டினி-ஹென்றி ரைபிள் 1871-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தபோதும் இந்நியதி மாறவில்லை. குறி தவறினால் மறு வாய்ப்பு உடனே கிட்டாது; ஆதலின் நிதானமே சுடுவோனுக்கு முதற் பாடமாயிற்று.

ஆயுதம் ஏந்தும் உரிமையை அன்னிய ஆட்சி எல்லோர்க்கும் விட்டுவைக்கவில்லை. தமிழகத்தில் 1801-இல் பாளையக்காரர் எழுச்சி ஒடுக்கப்பட்டதும் கோட்டைகள் தகர்க்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் மக்களின் ஆயுதங்களைக் களையச் சட்டம் வந்தது. அச்சட்டம் குடகு மக்களுக்குப் பொருந்தாது என்று 1861 பிப்ரவரி 26-ஆம் நாள் கப்பன் அறிவித்தார். 1837-ஆம் ஆண்டுக் கலகத்தை அடக்கத் துணைநின்ற குடகர்கள் முன்பே பதக்கங்கள் பெற்றிருந்தனர். ஆகவே, இவ்விலக்கு வீரத்துக்குச் சூட்டிய மாலை மட்டுமன்று. ஆட்சிக்குத் துணைநின்றமைக்குக் கிடைத்த பரிசுமாகும்.

எனினும், குடகர் வாழ்வில் துப்பாக்கி பெற்றுள்ள இடம் ஆணையால் மட்டும் வந்ததன்று. ஆண் மகவு பிறந்தால் ஒரு வெடி; இறப்பை அறிவிக்க இரு வெடி. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் கைல்போள்து விழாவில் ஆயுதங்களுக்குப் பூச்சூட்டி வழிபடுவர். தென்னை உச்சியில் உள்ள காயைக் குறிபார்த்துச் சுடுவர். அன்று துப்பாக்கிக்குச் சூட்டும் 'தோக்குப் பூ' வேறன்று, நம் செங்காந்தளே.

விடுதலைக்குப் பின், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் விலக்கு தொடர்ந்தது. குடகரோடு, போர்ப்பணிக்காக அளிக்கப்பட்ட ஜம்மா நிலத்தை உடையோருக்கும் அது உரியது. குலத்தையும் நிலத்தையும் கொண்டு சலுகை அளிப்பது சமத்துவத்துக்கு முரண் என்று வழக்கு எழுந்தது. நெடுநாள் மரபையும், விலக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டதென்பதையும் கருதி 2021-இல் நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. அதன் காலவரம்பு 2029.

எழுப்பப்பட்ட கேள்வி எளிதன்று. அன்னிய ஆணையர் அளித்த சலுகையைக் குடியரசு நாட்டில் அவர் பெயரைச் சொல்லி நிலைநாட்ட இயலாது. அண்டை அயலார் அச்சமின்றி வாழுமாறு அக்கருவியைப் பேணிவரும் ஒழுக்கமே அவ்வுரிமைக்கு இனித் தக்க சான்றாகும்.