மாத்தளையின் பேரிடர்களும் பல்துறை ஆய்வின் தேவையும்: ஒரு வரலாற்று நோக்கு

அனர்த்தம் என்பது இயற்கை விளைவிப்பது என்றே பொதுவாகக் கருதப்பட்டு வருகின்றது. மழை மிகுதலும், மலை சரிதலும், நோய் பரவுதலும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை என்பது ஓரளவுக்கு உண்மையே. ஆயின் ஒரே மழையிலே ஒருவன் வீடு நிலைத்து நிற்க, மற்றொருவன் வீடு மண்ணுள் மறைவதேன் என்னும் வினாவுக்கு இயற்கை விடை கூறுவதில்லை. அவ்விடையைச் சமூக வரலாற்றிலேயே தேடவேண்டும். மாத்தளை மாவட்டத்தின் கடந்த நூற்றெண்பது ஆண்டுக்கால வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

மாத்தளையில் தமிழ்த் தொழிலாளர் வரலாறு ஒரு பாதையோடு தொடங்குகின்றது. கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னாரிலிருந்து மெதவாச்சி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடந்தே வந்தனர். குடிநீர் அரிதாகிய வரண்ட காடு, மலேரியாக் காய்ச்சல், வாந்திபேதி, பசி ஆகிய யாவும் அப்பாதையில் அவர்களை எதிர்கொண்டன. 1840களில் பல்லாயிரவர் மாண்டனர் என அக்காலப் பத்திரிகை எழுதியது. பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் அத்தொகையை ஐயுற்றனர். டொனவன் மோல்ட்ரிச் கோப்பித் தொழிலாளர் பற்றி 1989இல் வெளியிட்ட நூலும் இத்துயரத்தை விரிவாக ஆராய்ந்தது. தொகை பற்றிய இவ்விவாதம் தீராமைக்குக் காரணம், இறந்தோரை எண்ணிப் பதிவுசெய்யும் முறையான ஏற்பாடு அன்று இல்லாமையே. ஏற்றுமதியான கோப்பியின் நிறைக்கு ஆண்டுதோறும் கணக்கிருந்தது. அதனைப் பறிக்க வந்தோர் உயிருக்குக் கணக்கில்லை. நடைப்பயணம் முடிந்து சேர்ந்த மாத்தளை நகரிலே மழைக்கும் நோய்க்கும் உரிய தெய்வமாகிய முத்துமாரியம்மனுக்குக் கோவில் எழுந்தமை, அம்மக்கள் கண்ட துன்பத்தின் தன்மையை ஒருவாறு உணர்த்துகின்றது.

இரண்டாவது பேரிடர் கோப்பிச் செடியையே தாக்கிற்று. 1869இல் இலங்கைத் தோட்டங்களில் இலைநோய் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்னும் அறிஞர் அந்நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தை இனங்கண்டு பெயரிட்டார். 1880இல் இலங்கை வந்த மார்ஷல் உவார்ட், அதன் வித்திகள் காற்றிலே பரவுவதை ஆராய்ந்து காட்டியதோடு, இடைவெளியின்றி ஒரே பயிரை நெடுந்தூரம் நட்டமை நோய்க்கு வாய்ப்பளித்தது என்பதையும் சுட்டினார். விஞ்ஞான வரலாற்றில் இவ்வாய்வு சிறப்பிடம் பெறுவது. ஆயின் தோட்டங்கள் முறிந்தபோது சம்பள நிலுவையை இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய தொழிலாளரின் நிலையை ஆராய அவ்வாறு எவரும் அழைக்கப்படவில்லை. இலையை ஆராய்ந்த அறிவும் மனிதனை ஆராயவேண்டிய அறிவும் தனித்தனியே நின்றமையால், பேரிடரின் ஒரு பாதியே பதிவாயிற்று.

மூன்றாவது பேரிடர் இன்றும் தொடர்வது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உரிமைப் பத்திரமற்ற காட்டு நிலங்களை முடிக்குரியனவாக்கியது. அவை தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. மலைச்சரிவுகளிலே காடு அழிந்து கோப்பி எழுந்தது; பின்னர் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வந்தன. மண்ணைப் பற்றியிருந்த வேர்கள் போயின; நீர் வடியும் வழிகள் மாறின; அச்சரிவுகளிலேயே லயன்கள் கட்டப்பட்டன. 1986 சனவரியில் மலையகத்தில் நேர்ந்த மண்சரிவுகளின் பின்னரே, 1984இல் தொடங்கப்பெற்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்களை ஆக்கத் தொடங்கியது. மாத்தளை உள்ளிட்ட ஏனைய மாவட்டங்களுக்கும் அப்பணி பின்னர் விரிந்தது. பாறை, மேல்மண், சரிவு, நீர்வடிகால், நிலவுருவம், நிலப்பயன்பாடு ஆகியவற்றை ஒருங்கே நோக்கும் அவ்வரைபடம், புவிச்சரிதவியலும் புவியியலும் பொறியியலும் கூடிய முயற்சியாகும்.

எனினும் வரைபடம் மட்டும் உயிரைக் காப்பதில்லை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி லயன்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் அபாயமானது என்பது 2005இலும் 2011இலும் முன்னரே சுட்டப்பட்டிருந்தது. அறிவு இருந்தும் அழிவு ஏன் நேர்ந்தது? வெளியேறு என்று கூறக்கேட்ட தொழிலாளிக்குச் செல்வதற்குச் சொந்தக் காணி இல்லை. வேலையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. இக்காரணத்தைப் பாறையை ஆராய்ந்து அறிய முடியாது. பொருளியலும் சட்டமும் சமூகவியலும் அங்கு வேண்டப்படுகின்றன.

உலக ஆய்வாளரும் இம்முடிவையே எய்தினர். 1945இல் கில்பேர்ட் உவைற் என்னும் அமெரிக்கப் புவியியலாளர், வெள்ள இழப்புக்கு மக்கள் நிலத்தைப் பயன்படுத்தும் முறையும் காரணமென நிறுவினார். 1963இல் ஒகையோ அரச பல்கலைக்கழகத்தில் அனர்த்த ஆய்வுக்கென்றே சமூகவியலாளர் ஒரு நிலையம் நிறுவினர். இலங்கையில் 2004இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. இருபது ஆண்டுகளின் பின், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளால் உயிர்களைப் பலிகொண்டது. சட்டத்துக்கும் மலையடிவாரத்துக்கும் இடையிலுள்ள தூரம் இன்னும் குறைய வேண்டியுள்ளது.

அத்தூரத்தைக் குறைப்பதிலே பல்கலைக்கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. புவிச்சரிதவியல் மாணவன் சரிவை அளக்கும் அதே தோட்டத்திலே, கலைப்பீட மாணவன் முதியோரிடம் பழைய சரிவுகள் பற்றிய நினைவுகளைக் கேட்டெழுதலாம். எந்த ஊற்று எப்போது கலங்கியது, எந்தச் சுவர் எப்போது வெடித்தது என்பன ஏடுகளில் இல்லாவிடினும் அவர்கள் நினைவில் உள. எச்சரிக்கை மக்கள் பேசும் தமிழிலே, உரிய நேரத்தில், லயத்தின் வாயில் வரை செல்கின்றதா என்பதை மொழித்துறையினர் ஆராயலாம். காணியுரிமை பற்றிய தடைகளைச் சட்டம் பயில்வோர் தெளிவுபடுத்தலாம். மன்னார்ப் பாதையில் மாண்டோரை எண்ண எவரும் இருக்கவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் சரிவுகளைப் பற்றியும் நாளைய வரலாறு அவ்வாறே எழுத நேராமற் காப்பது இன்றைய ஆய்வாளரின் கடனாகும்.