தோடிக்கு ஒரு மின்சாரத் தொண்டை

எலெக்ட்ரிக் கிட்டாரின் உறுமலைக் கேட்டதும் முகம் சுளிக்கிற பெரியவர்களிடம் நான் ஒன்று கேட்பதுண்டு: தோடி என்றால் யார் பெயர் முதலில் வாயில் வருகிறது? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் வாசித்தது வீணையா, புல்லாங்குழலா? நாலு தெருவுக்குக் கேட்கிற நாகஸ்வரம். சத்தமான வாத்தியத்தில்தான் நம் ஜனங்கள் தோடியை ரசிக்கப் பழகினார்கள். அப்புறம் ஹார்ட் ராக் கிட்டாரை மட்டும் இரைச்சல் என்று ஒதுக்குவது என்ன நியாயம்?

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஃபியூஸ் கேரியர் அடிப்பது தொழில்; திருவிழாக் காலத்தில் லைட் மியூசிக் குழுவில் லீட் கிட்டார். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்ட ஆரம்பித்தபோது, மேலே மூடிக் கிடந்த மண்ணோடு வெள்ளைக் களியும் வெளியே வந்தது. பக்கத்திலேயே எங்கள் ரயில்வே ஜங்ஷன். ஜாடி, கோப்பை, பொம்மை, மின்சாரச் சாமான் என்று எங்கள் சூளைகள் எரிந்ததில் அந்தக் களிக்குப் பெரிய பங்கு உண்டு. மாசிமகக் கச்சேரிக்குக் கரண்ட் இழுக்கிற பலகையைப் பார்த்தால், எங்கள் பேட்டைச் சரக்கு வெள்ளை வெளேரென்று அதில் உட்கார்ந்திருக்கும்.

மேடை ஸ்பீக்கரின் முதுகில் கறுப்பு வளையமாக ஒட்டியிருக்கிற காந்தமும் பெரும்பாலும் செராமிக்தான். இரும்பு ஆக்சைடோடு பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டைக் கலந்து சுட்டு, அரைத்து, அச்சில் அழுத்தி, மறுபடியும் சூளையில் வைத்துக் காந்தம் ஏற்றுகிறார்கள். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் இந்த வகையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த அல்நிகோ காந்தம், விலை கூடுதல். கிட்டார் கம்பிக்கு அடியில் இருக்கிற பிக்கப்பிலும் இரண்டு வகையும் உண்டு. அல்நிகோ பொதுவாகக் கொஞ்சம் குழைவாகப் பேசும். செராமிக் காரமாகப் பேசும். ஹார்ட் ராக்காரர்கள் பலர் செராமிக் பக்கம் போனது அந்தக் காரத்துக்காக.

அந்த உறுமல் பிறந்த கதை இன்னும் பழையது. வால்வு ஆம்ப்ளிஃபயரில் அதன் சக்திக்கு மீறி ஒலியைத் தள்ளினால் அலையின் தலை சீவப்பட்டுவிடும். சீவின இடத்தில் புதிய மேல்சுரங்கள் முளைக்கும்; மீட்டின ஒலி சட்டென்று தேயாமல் ஒரே மட்டத்தில் நிற்கும். இதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். எங்கள் பட்டறையில் சூடு மிஞ்சிக் கோணிப்போன உருப்படி கழிவுக்குப் போகும். கிட்டாரில் அந்தக் கோணல்தான் விலைபோனது. 1966இல் லண்டனுக்கு வந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதைத் தற்செயலாக விடாமல் கைக்கு அடங்கிய வித்தையாக்கினார். இடது கைக்காரர்; வலது கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். ஃபஸ் பெடல், வா-வா பெடல், மார்ஷல் ஆம்ப். பல சமயம் சுருதியை அரைச் சுரம் இறக்கிவைப்பார். கம்பி தளர்ந்ததால் விரலுக்கு இழுக்க இடம் கிடைத்தது. 1970இல் 27 வயதில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த ஹார்ட் ராக் கிட்டார்காரர்களில் அவரிடம் கடன்படாதவர் அபூர்வம்.

இந்தக் கம்பி இழுப்புதான், சுரத்தை அசைத்து ஆட்டுகிற நம் கமகத்துக்கு வாசல். வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கின்றன. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல சுரம் வரும். கிட்டாரில் விரல் மரத்தில் போய் முட்டும். அதனால் டீப் பர்ப்பிள் குழுவின் ரிச்சி பிளாக்மோர் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்துகொண்டார். சக்தி குழுவில் எல். சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் வாசித்த ஜான் மெக்லாஃப்லினும் அப்படிக் குடைந்த கிட்டாரைத்தான் எடுத்தார். வீணைக்காரர் மெழுகால் அடைந்ததை இவர்கள் உளியால் அடைந்தார்கள்.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிஷபத்துக்குப் பக்கத்திலிருந்து மத்யமம் வரை அது ஆட வேண்டும். சாதாரணக் கிட்டாரில் ஒரு மீட்டுக்கு இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் ஒலி இறங்கிவிடும். மறுபடி மீட்டினால் ராகம் துண்டு துண்டாகும். டிஸ்டார்ஷனைத் திறந்துவிட்டால் அதே மீட்டு மூச்சுப் பிடித்த நாகஸ்வரம் மாதிரி கார்வை கொடுக்கும். கையின் வேலை வீணையுடையது, தொண்டை நாகஸ்வரத்துடையது. இன்னொன்று: டிஸ்டார்ஷனில் முழுக் கார்டைப் பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும். அதனால்தான் ஹார்ட் ராக்கில் பவர் கார்டு என்று சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடிக்கிறார்கள். நம் தம்புராவும் அந்த இரண்டைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது?

இங்கே மின்சாரத்தைத் துணிந்து கச்சேரி மேடையில் ஏற்றியவர் யூ. சீனிவாஸ். ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி இருக்கும் மேண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பிகளாக்கி, மின்சார வாத்தியமாக எடுத்துக்கொண்டார். 1980களில் அந்தச் சிறுவனின் கச்சேரிக்குப் பிறகு, மேற்கத்திய வாத்தியத்தில் கமகம் வராது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஹார்ட் ராக்கையும் கர்நாடகத்தையும் ஒரே கையில் பிடித்தவர் என்றால் கிட்டார் பிரசன்னா. வளர்ந்தது ராணிப்பேட்டை, பாரி நிறுவனம் செராமிக் ஆலை நடத்திய ஊர் என்பதால் எனக்கு அதில் தனி சந்தோஷம். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல், பிறகு பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி. கர்நாடக சங்கீதம் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் ஏ. கன்யாகுமரியிடமும். ஒரு பக்கம் கீர்த்தனைகளை முழுக் கச்சேரியாக வாசித்தவர், 2006இல் ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். ஹென்ட்ரிக்ஸின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரில் பிள்ளையாரைக் குடியேற்றிவிட்டார். அதில் ‘டார்க் சண்டே இன் டிரிப்ளிகேன்’ என்று ஒன்று: திருவல்லிக்கேணிக்கு ராக் இசையில் ஒரு முகவரி. ராக் வாசிக்கும்போது கமகத்தை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்கிறவர் அல்ல அவர். உறுமலுக்குள்ளேயே ராகத்தின் பிடியும், சுரம் விட்டுச் சுரம் வழுக்குகிற ஜாருவும் பிசகாமல் வரும். ஆஸ்கர் வாங்கிய ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைத்ததும் இவர்தான்.

ராஜரத்தினம் பிள்ளையும் கருவியைத் தன் வழிக்கு வளைத்தவர்தான். சுருதி உச்சமான, குட்டையான திமிரி நாகஸ்வரத்தை விட்டு, நீளமான, சுருதி இறங்கிய பாரி நாகஸ்வரத்துக்குப் போனார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அதைக் கடைந்து கொடுத்தார். அந்த இறக்கத்தில்தான் அவருடைய கனமான நாதம் கிடைத்தது. ஹென்ட்ரிக்ஸ் அரைச் சுரம் இறக்கியதைத் திருவாவடுதுறைக்காரர் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

எங்கள் குழுவுக்கு வருகிற பையன்கள் முதலில் விசாரிப்பது எந்தப் பெடல் வாங்கலாம் என்றுதான். பெடல் எது வேண்டுமானாலும் வாங்கு, அதற்கு முன்னால் பழைய நாகஸ்வரத் தோடி ஒன்றைப் பாதியில் நிறுத்தாமல் கேட்டுவிட்டு வா என்கிறேன். எதற்காக அந்த நீட்டம் என்று தெரியாதவன் கையில் எந்த ஆம்ப்பும் வெறும் சத்தப்பெட்டிதான்.