யாழ்ப்பாணத்து மணவினையும் தன்பால் இணையரும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்தார் தம் திருமண முறையைக் குறித்துப் பேசுங்கால், ஓமம் வளர்த்தல், அம்மி மிதித்தல், அருந்ததி காட்டல் முதலியன தொன்றுதொட்டு மாறாது வருவன என்று கொள்வது வழக்கம். ஆவணங்களை நோக்குவார்க்கு இக்கொள்கை நிலைபெறாது. இருவர் வாழ்வை இணைக்கும் சடங்கினை யார் நடத்துவது, எங்கு நடத்துவது, எது இன்றியமையாதது என்பன இக்குடாநாட்டில் காலத்துக்கும் சாதிக்கும் ஏற்ப வேறுபட்டே வந்துள்ளன. தன்பாலினத்தார் இருவர் நெருங்கிய சிலர் முன்னிலையில், வழிபாட்டோடு கூடிய சிறு மணவினையொன்றை அமைக்க விரும்பின், அதற்கு இம்மண்ணின் மரபில் இடமுண்டா? அவ்வினாவை வரலாற்றின் வழியே ஆராய்வது இக்கட்டுரை.

ஒல்லாந்த ஆளுநர் கோர்னேலிஸ் ஜோன் சைமன்சின் கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707இல் நம் வழமைகளைத் தொகுத்தார். ஜான் பிரஸ் அதனைத் தமிழ்ப்படுத்த, முதலிமார் பன்னிருவர் ஆராய்ந்து ஏற்றனர். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி அதற்குச் சட்டவலு அளித்தது. இந்நூலைப் புரட்டுவார் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பிரிவுகளைப் பற்றி விரிவாகப் பேசும் அது, மணச்சடங்கின் கிரியைகளில் அத்துணை அக்கறை கொள்ளவில்லை. மணம் என்பது அதற்கு முதன்மையாகக் குடும்பங்களும் பொருளும் இணையும் ஏற்பாடே.

ஆகம நெறியை வற்புறுத்திய ஆறுமுக நாவலர் (1822-1879) காலத்துக்குப் பின்னரே கிரியை விரிவு மேட்டிமைச் சாதியார் இல்லங்களில் பெருகியது எனக் கருதலாம். அதற்குப் புறத்தே மற்றொரு வழக்கும் நிலவியது. அந்தணக் குருக்களின் பணி மறுக்கப்பட்டோரும் வறியோரும், மணமகள் மணமகனுக்குச் சோறிட்டு இருவரும் உண்ணும் ‘சோறு கொடுப்பித்தல்’ என்னும் எளிய முறையால் மணம் முடித்தனர். கோயில் வாயில் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் வந்த பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. இன்று பெருமணத்திலும் பூதாக்கலம் என்னும் பெயரால் சேர்ந்துண்ணல் இடம்பெறுகின்றது. அதனை மேலோர் சடங்கின் ஓர் உறுப்பாக மட்டும் காண்பது முழுப் பார்வையாகாது.

ஆகவே, குருக்கள் வரமறுப்பதாலேயே மணவினை இல்லையாகிவிடும் என்னும் கூற்று யாழ்ப்பாணத்து வரலாற்றோடு பொருந்தாது. குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்து, திருமுறை ஓதி, மாலை மாற்றி, முதியோர் அறுகரிசியிட்டு வாழ்த்த, ஒரு கலத்தில் உண்பது பழைய வழக்கின் உள்ளிருந்தே எழுவது. தாலியை யார் யாருக்குக் கட்டுவது என்பதே இவ்விணையர் முன்னுள்ள கடினமான வினா. 2022 ஆகஸ்டில் சென்னையில் மணம்புரிந்த பெண்கள் இருவர், தத்தம் தந்தையர் மடியில் அமர்ந்து பெற்றோர் முன்னிலையில் பழைய சடங்குகளையே நிறைவேற்றினர். தமிழகத்துச் சுயமரியாதைத் திருமணமோ புரோகிதரையே விலக்கியது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் ஏற்பும் பெற்றது.

சமயச் சான்று தேடுவோர் அர்த்தநாரீசுவர வடிவத்தையும், அரனுக்கும் மோகினிக்கும் பிறந்த ஐயனாரையும், கூவாகத்தில் அரவானுக்குத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதையும் காட்டுவர். அர்த்தநாரீசுவரம் ஆண்பெண் ஒருமையையே கூறுவது. கூவாகத்துத் தாலியோ மறுநாளே அறுக்கப்படுவது. இவற்றைத் தன்பால் மணத்துக்கு நேர்ச்சான்றாகக் கொள்வது மிகைபடக் கூறலே. பால் எல்லைகள் கடக்கத்தக்கன என்னும் எண்ணம் நம் சமயத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு மட்டும் அவை சான்றாகும். அதுவே போதுமானது என்பது எம் கருத்து.

மரபு இடந்தரினும் சட்டம் இடந்தரவில்லை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானியர் விட்டுச்சென்றவை. 365அ பிரிவு முன்னர் ஆடவரையே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் ‘ஆடவர்’ என்னும் சொல்லை நீக்கப் பெண்களும் அதனுள் அடங்கினர். சீர்திருத்தம் எனப் பெயர்பெற்ற திருத்தமொன்று இவ்வாறு முடிந்தமை வருந்தத்தக்கது. இப்பிரிவுகளை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட, அது சட்டமாகாமலே நின்றது. யாழ்ப்பாணத்தார் குடிபெயர்ந்த நாடுகளின் நிலை வேறு. கனடாவில் 2005இலும், நோர்வேயில் 2009இலும், இங்கிலாந்தில் 2014இலும், ஜேர்மனியில் 2017இலும், சுவிற்சர்லாந்தில் 2022இலும் தன்பால் மணம் சட்டமாயிற்று. ஒரே குடும்பத்தில் அக்கா மகள் ரொறன்ரோவில் பதிவுபெற்ற மணத்தவளாகவும், தங்கை மகள் பருத்தித்துறையில் அறைக்கதவைச் சாத்தி விளக்கேற்றுபவளாகவும் இருத்தல் கூடும்.

பதிவின்றியே வழக்காற்று மணம் செல்லுபடியாகும் என இலங்கை நீதிமன்றங்கள் ஏற்றிருப்பினும், அவ்வேற்பு ஆண்பெண் மணத்துக்கே உரியது. அதனால் இழப்பது சடங்கையன்று, தேடியதேட்டத்தையே. கணவனும் மனைவியும் மணவாழ்வில் ஈட்டியதில் ஒருவர்க்கொருவர் உரிமையைத் தேசவழமை அளிக்கின்றது. இருபது ஆண்டு ஒருங்குழைத்து வீடு கட்டிய தன்பால் இணையருள் ஒருவர் இறப்பின், மற்றவர்க்கு அச்சட்டத்தில் இடமில்லை. இறந்தவரின் உடன்பிறந்தார் வந்து வீட்டைக் கேட்கலாம். எனவே மணநாள் குறிப்பதற்கு முன் நொத்தாரிசிடம் சென்று, காணியுறுதியை இருவர் பெயரிலும் முடித்து, மரணசாதனமும் எழுதுவித்தல் இன்றியமையாதது. அவ்வாறு பிரிபடாக் காணிக்குப் பங்காளரானபின், ஒருவர் தம் பங்கை வெளியாருக்கு விற்க முனையின், அதனை முதலில் வாங்கும் உரிமை மற்றவர்க்கு உண்டு. 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்வாங்குரிமைச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளர்க்கு வழங்குகின்றது; அவர்கள் மணந்தவரா என்று அது வினவுவதில்லை.