தெருவின் உரிமை யாருக்கு?

 

சென்ற பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கைக் காட்டிலும் அதிக நேரத்தை எடுத்துக்கொண்ட பொருள் எது என்பதை வந்திருந்தோர் அறிவர். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் வாகனங்கள் கடைத்தெரு நெரிசலைத் தவிர்ப்பதற்காக நமது பள்ளிவாசல் தெருவினுள் நுழைந்து மறுமுனையில் பேருந்துச் சாலையை அடைகின்றன. சனி, ஞாயிறுகளிலும், ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடைபெறும் நாட்களிலும் அவற்றின் எண்ணிக்கையும் வேகமும் பெருகுகின்றன. மக்தப் விட்டுப் பிள்ளைகள் வெளிவரும் நேரமும், சுற்றுலா முடித்து வண்டிகள் திரும்பும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. தெருவின் இரு முனைகளிலும் சங்கிலி கட்டி அடைத்துவிடலாம் என்று சிலர் கூறினர். அது முறையா என்று நம்மிடம் வினவினர். அன்று உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. பின்னர் ஏடுகளைப் புரட்டியபோது கண்டவற்றை இங்கு எழுதுகிறோம்.

தெருவைப் பற்றிய வழக்கு புதியதன்று. பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு எழுமாயின் ஏழு முழம் விட வேண்டும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. சுமையேற்றிய இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே வந்தால் உரசாமல் கடக்கப் போதுமான அகலம் அது என்று பழைய நகர அமைப்பை ஆய்ந்தோர் விளக்குவர். ஃபிக்ஹு நூலார் தெருக்களை இரு வகையாகப் பிரித்தனர். இரு முனையும் திறந்த தெரு ஒன்று. ஒரு முனை அடைபட்ட சந்து மற்றொன்று. அடைபட்ட சந்து, அதனுள் வாசல் வைத்திருப்போரின் கூட்டு உடைமை. அவர்களுடைய இசைவின்றி அங்குப் புதிய வாசல் திறப்பதும் கூடாது. கெய்ரோ, டமாஸ்கஸ், ஃபாஸ் முதலிய நகரங்களில் இத்தகைய குடியிருப்புகளுக்கு மரக்கதவுகள் அமைத்து இரவில் சாத்தி வந்தனர். ஆனால் திறந்த தெருவோ பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. அங்கே வசிப்போர் என்ற காரணத்தால் மட்டும் அதனை அடைக்க எவருக்கும் உரிமையில்லை. நமது தெரு எவ்வகையைச் சார்ந்தது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அடைக்கக் கூடாது என்றால் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதும் பொருளன்று. ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் தெருக்களில் நிகழும் தீமைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். குறுகலான வழியில் முட்சுமை ஏற்றிய மிருகத்தை ஓட்டிச் சென்று மக்களின் ஆடையைக் கிழிப்பது தடுக்கப்பட வேண்டிய செயல் என்பது அவர்கள் முடிவு. விசாலமான வழி வேறு இருக்கும்போது குறுகிய வழியை நாடுவது குறித்தும் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அக்காலத்தில் முஹ்தஸிப் என்னும் அங்காடி மேற்பார்வையாளர் இவற்றைக் கண்காணித்தார். விறகும் வைக்கோலும் சுமந்த மிருகங்களைக் கடைவீதிக்குள் விடாமல் நிறுத்துவதும் அவர் கடமைகளுள் ஒன்று. தெருவை மூடவில்லை; தெருவில் எது, எப்படிச் செல்லலாம் என்பதையே நெறிப்படுத்தினர்.

இயந்திர வண்டி வந்தபோது உலகம் முதலில் மிகையாகவே அஞ்சியது. இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டின் சட்டம், சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என்று வரம்பிட்டது. வண்டிக்கு முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்கவும் வேண்டும்! 1896-இல் அந்தக் கட்டு தளர்ந்தது. 1930-இல் கார்களுக்கான வேக வரம்பையே நீக்கிவிட்டனர். சாவுகள் பெருகவே, 1935-இல் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் என்ற வரம்பு திரும்பி வந்தது. நம் நாட்டில் 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளில் மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இப்போதுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்புக் கருதிக் குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் அரசுக்கே உரியது, சங்கிலி வைத்திருப்பவருக்கு அன்று என்பதைக் கவனிக்க.

குடியிருப்போரின் குரல் வென்ற ஊர்களும் உண்டு. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு வந்து மறியல் செய்தனர். டெல்ஃப்ட் நகரத்தார் தங்கள் தெருக்களில் மரத்தொட்டிகளும் வளைவுகளும் அமைத்து, வண்டியோட்டி தானாகவே மெதுவாகச் செல்லும்படி செய்தனர். 1976-இல் அந்நாட்டு அரசு அதனைச் சட்டமாக்கியது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்னும் கணக்கை அறிந்தவர்கள் அவர்கள்.

நம் மலையின் கதை வேறு. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தேனும் புளியும் சுமந்து ஒற்றையடிப் பாதைகளில் சந்தைகளுக்கு இறங்கி வந்த காலம் மிகத் தொலைவில் இல்லை. 1960-களின் இறுதியில் காவலூரில் வானாய்வு நிலையம் தொடங்கியது. இன்று போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர், அமிர்தி ஆகிய திசைகளிலிருந்து வாகனங்கள் மலையேறுகின்றன. ஆயினும் உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர்களின் நிலையை 2022 ஏப்ரல் 2 உலகுக்குக் காட்டியது. புதூர்நாட்டுப் பகுதியின் புலியூரிலிருந்து சேம்பறைக் கோயிலுக்கு மக்களை ஏற்றிச் சென்ற வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் உயிரிழந்தனர்; மிகுதியானோர் பெண்கள். நமக்கோ சாலை இருப்பதால் வரும் துன்பம். அவர்களுக்கு நல்ல சாலை இல்லாததால் வந்த துன்பம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை.

அதே 2022-இல் ஈரோடு மாவட்டத்தின் திம்பம் மலைப்பாதையிலும் இக்கேள்வி எழுந்தது. வனவிலங்குகள் அடிபட்டு மடிவதால் இரவுப் போக்குவரத்தைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் பிப்ரவரியில் ஆணையிட்டது. நோக்கம் நன்று. ஆனால் பாதைக்கு அப்பால் உள்ள தாளவாடி மக்கள், காய்கறி எங்கே செல்லும், நோயாளி எங்கே செல்வார் என்று போராடினர். பின்னர் நீதிமன்றமே கட்டுப்பாட்டில் மாற்றங்கள் செய்தது. நமது தெருவுக்கு அப்பாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். மலையிலிருந்து பிரசவ வலியோடு வரும் பெண்ணின் ஆட்டோவும் இந்த வழியாகத்தான் செல்கிறது.

இங்கே ஒரு வருத்தத்தையும் எழுதியாக வேண்டும். சென்ற ஆண்டு நம்மவர் சிலர் ஓர் இரவில் தாங்களாகவே சிமெண்டுத் திண்டு ஒன்றை எழுப்பினர். வண்ணம் பூசவில்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை. மறுநாள் விடியற்காலையில் மலையூர்க்காரர் ஒருவர் மனைவியோடு இருசக்கர வாகனத்தில் வந்து, அது தெரியாமல் விழுந்து கையை முறித்துக்கொண்டார். மருத்துவச் செலவை ஜமாஅத் ஏற்றது. என்றாலும், அவர் மருத்துவமனையில் நம்மைக் கண்டதும் எழுந்து நின்று ஸலாம் போலக் கைகூப்பியது நம்மைக் கூனிக் குறுகச் செய்தது. இந்திய சாலைப் பேராயத்தின் நெறிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாய்ச் சரிந்து அமைய வேண்டும். நம்மவர் கட்டியது படிக்கட்டு. அது மறுவாரமே இடிக்கப்பட்டது.

வாகனங்களைக் கணக்கெடுக்க அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே இரு மாணவர்களைத் திண்ணையில் அமர்த்தினோம். வெளியூர்ப் பதிவெண்கள் நிறையவே வந்தன. ஆனால் மிக விரைவாகச் சென்றவை என்று பிள்ளைகள் குறியிட்டவற்றுள், இரவில் நம் முஹல்லா வீடுகளின் முன் நிற்கும் வண்டிகளும் இருந்தன. அப்பட்டியலை இம்மலரில் அச்சிடவில்லை. உரிய பெற்றோரிடம் தனியே காட்டியுள்ளோம்.

நெறிமுறைப்படியான இரண்டு வேகத்தடைகள், மக்தப் அருகே எச்சரிக்கைப் பலகை, விழா நாட்களில் மட்டும் கனரக வாகனங்களுக்குத் தடை ஆகியவற்றைக் கோரி மாவட்ட ஆட்சியருக்கான மனு ஆயத்தமாகியுள்ளது. அடைப்பு என்ற சொல் அதில் இல்லை. மனு ஜமாஅத் அலுவலகத்தில் உள்ளது. ஜும்ஆவுக்குப் பின் கையொப்பமிடலாம். பெண்களின் கையொப்பத்திற்காக அது வீடுகளுக்கும் கொண்டுவரப்படும்.